குறையும் பிரேக் ஆயில் கூறும் சேதி

காரைக்காலுக்கும் நாகூருக்கும் இடையே, கடலோரச் சாலையில் அமைந்திருக்கிறது திருமலைராயன்பட்டினம். பொழுது புலர்வதற்கு முன்பே அங்கே சாலை விழித்துக் கொண்டு விடுகிறது. பட்டினச்சேரிக் கடற்கரையில் இறங்கிய மீனை ஐஸ் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு லோடு ஆட்டோக்கள் புறப்படுகின்றன. 'குட்டி யானை' என்று ஜனங்கள் செல்லப் பெயர் சூட்டியிருக்கும் சிறு லாரிகள் சிமெண்டும் காய்கறியும் சுமந்து வருகின்றன. வாஞ்சூர்ப் பக்கத்துத் துறைமுகத்தை நோக்கிப் பெரிய லாரிகள், வயலை நோக்கி டிராக்டர்கள், இவற்றுக்கு நடுவே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் சைக்கிள்கள்!

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் தூரம் ஓடி விடும். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால், அந்த ஒரு விநாடிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பாரம் ஏற்றிய வண்டியை அப்போது நிறுத்துவது எது? ஓட்டியின் கால் என்று சொல்வோம். ஆனால் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நின்று வேலை செய்வது, ஏறக்குறைய ஒரு டம்ளர் அளவே பிடிக்கும் சிறு டப்பியில் இருக்கும் திரவம். அதைத்தான் 'பிரேக் ஆயில்' என்கிறோம்.

என்ஜின் ஆயிலைத் தினம் பார்க்கிறவர்கள் உண்டு. டயருக்குக் காற்று பிடிக்கத் தவறாதவர்கள் உண்டு. இந்தச் சின்ன டப்பியை எட்டிப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

பாஸ்கல் கண்ட தத்துவம்

காரைக்கால் பகுதி 1739-ல் பிரெஞ்சுக்காரர் வசம் வந்தது. நடுவே ஆங்கிலேயர் கைக்குப் போவதும் மீள்வதுமாக இருந்து, 1954-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி இந்தியாவுடன் சேர்ந்தது. திருமலைராயன்பட்டினத்தில் இன்றும் உள்ளாட்சிக்குக் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்றே பெயர். அந்தப் பெயர் பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்தது. ஊருக்குள் ஓடும் வண்டிகளின் பிரேக்குக்கு ஆதாரமான தத்துவத்தைக் கண்டவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான் என்பது பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் பிளேஸ் பாஸ்கல். 1623-ல் பிறந்து, 39 வயதிலேயே காலமானவர். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது அவர் கண்ட உண்மை. அவர் இறந்த மறு வருஷம், 1663-ல், அது புத்தகமாக வெளிவந்தது. இன்னொரு வேடிக்கை: பாரிஸ் நகரத்தில் காசு கொடுத்து ஏறிப் போகலாம் என்று, குறித்த வழியில் குதிரை வண்டிகளை 1662-ல் ஓட விட்டவர்களில் அவரும் முக்கியமானவர். பஸ்ஸுக்கும் பாட்டனார், பிரேக்குக்கும் பாட்டனார்!

இந்தத் தத்துவத்தை வண்டிச் சக்கரத்துக்குக் கொண்டு வந்தவர் மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர். ஆகாய விமானங்களால் புகழ் பெற்ற அதே லாக்ஹீட் சகோதரர்களில் ஒருவர். 1921-ல் வெளிவந்த டூசன்பர்க் மோட்டாரில் நான்கு சக்கரங்களுக்கும் திரவத்தால் இயங்கும் பிரேக் பொருத்தப்பட்டது. அதற்கு முன் கம்பியும் கயிறும் இழுத்துத்தான் சக்கரத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் இறுக்கியும் மறு பக்கம் தளர்ந்தும் வண்டியைச் சாலையை விட்டே இழுத்துப் போகும் தொல்லை அதில் உண்டு. திரவம் பாரபட்சம் காட்டாது.

இரண்டு கரண்டித் திரவம்

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டி 20 கிலோ பலத்தோடு பெடலை மிதிக்கிறார். பெடல் நெம்புகோலானபடியால் அது 5 மடங்காகி 100 கிலோவாக மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்தப் பிஸ்டனின் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர் என்றால், திரவத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 25 கிலோ அழுத்தம் ஏற்படும். சக்கரத்தில் உள்ள பிஸ்டனுக்கு 5 சதுர சென்டிமீட்டர் பரப்பு இருந்தால், அங்கே 125 கிலோ பலம். சக்கரத்துக்கு இரண்டு பிஸ்டனாக நான்கு சக்கரங்களுக்கு எட்டு. மொத்தம் 1000 கிலோ! இருபது கிலோ ஆயிரம் கிலோவாகி விட்டது.

ஆனால் இயற்கை இனாமாக எதையும் தருவதில்லை. பலம் 50 மடங்கு பெருகினால் அசைவு 50-ல் ஒரு பங்காகச் சுருங்கும். கால் 10 சென்டிமீட்டர் கீழே போனால் சக்கரத்தில் பிரேக் ஷூ நகர்வது வெறும் 2 மில்லிமீட்டர். அந்த முழு மிதிக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியேறும் திரவம் 8 கன சென்டிமீட்டர். அதாவது, இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவு!

இந்த இரண்டு கரண்டியில்தான் உயிர் இருக்கிறது. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். டப்பியில் மட்டம் கீழே போய்க் குழாய்க்குள் காற்று புகுந்து விட்டால், கால் மிதிக்கும் மிதியெல்லாம் காற்றை அமுக்குவதிலேயே செலவாகிப் போகும். பெடல் பஞ்சு போல அமுங்கித் தரையைத் தொடும்; சக்கரமோ நிற்காது. டப்பியின் மேல் ஆங்கிலத்தில் 'மாக்ஸ்', 'மின்' என்று இரண்டு கோடுகள் போட்டிருப்பது இதற்காகத்தான். திரவம் எப்போதும் அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே நிற்க வேண்டும்.

குறைந்தால் ஊற்றலாமா?

"அண்ணே, பிரேக் ஆயில் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஊத்தி விடுங்க, சவாரி இருக்கு."

"ஊத்தறது இருக்கட்டும் தம்பி. அது எங்கே போச்சுன்னு பாத்தியா?"

எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் கேட்கக் கூடிய பேச்சு இது. இதில் இரண்டாவதாகப் பேசுகிறவர்தான் நல்ல மெக்கானிக்.

என்ஜின் ஆயில் ஓட ஓடச் சிறிது எரிந்து குறையலாம். பெட்ரோலும் டீசலும் செலவாவதற்கென்றே ஊற்றப்படுபவை. பிரேக் ஆயில் அப்படியல்ல. அது செலவாகிற பொருளே அல்ல. அதே குழாய்களுக்குள் முன்னும் பின்னும் அசைவதோடு அதன் வேலை முடிந்தது. ஆகவே மட்டம் குறைந்தால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும்.

முதலாவது காரணம், தேய்மானம். சக்கரத்தில் பிரேக் பேட் தேயத் தேய, பிஸ்டன் அந்த அளவுக்கு வெளியே வந்து நிற்கும். அது விட்டுப் போன இடத்தைத் திரவம் நிரப்பும். டப்பியில் மட்டம் மாதக் கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். இது நோயல்ல, 'பேட் தேய்ந்து விட்டது, மாற்று' என்று வண்டி அனுப்பும் கடிதம். கடிதத்தைப் படிக்காமல் மேலே ஆயிலை ஊற்றுகிறவர், அதைக் கிழித்துப் போடுகிறார். அதோடு பிற்பாடு புது பேட் போடும்போது பிஸ்டன் உள்ளே தள்ளப்படும். அதிகமாக ஊற்றிய ஆயில் டப்பியிலிருந்து வழிந்து வண்டியின் பெயிண்டை உரித்து விடும்.

இரண்டாவது காரணம், ஒழுக்கு. இது அபாயம். மட்டம் ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியக் குறைந்தால் சந்தேகமே வேண்டாம், எங்கோ ஒழுகுகிறது. சக்கரத்தின் உட்புறத்தில், டயரின் பக்கத்தில் ஈரக் கசிவு தெரிகிறதா? வீல் சிலிண்டரில் உள்ள ரப்பர் போய் விட்டது. வளையும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா? இரும்புக் குழாயில் துரு ஏறி ஈரம் பூத்திருக்கிறதா? பெடலுக்கு மேலே, ஓட்டியின் காலடியில் பிசுபிசுப்பு உண்டா? வெளியே எங்கும் ஈரமே இல்லாமல் ஆயில் மட்டும் குறைவதும் உண்டு. மாஸ்டர் சிலிண்டரின் பின்புறத்திலிருந்து, பிரேக்குக்குத் துணை செய்யும் வாக்குவம் டப்பாவுக்குள் ஒழுகினால் அது வெளியே தெரியாது. கிளச்சும் இதே டப்பியிலிருந்து ஆயில் எடுத்துக்கொள்ளும் வண்டிகளில், குற்றம் கிளச்சின் பக்கமும் இருக்கலாம்.

ஓட்டியின் முன்னே சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. கைப் பிரேக் போட்டிருந்தால் அது எரியும். பல வண்டிகளில், பிரேக் ஆயில் குறைந்தாலும் அதே விளக்குத்தான் எரியும். மேடு பள்ளத்தில் அது விட்டு விட்டு மினுங்கும்போது, 'கைப் பிரேக் சுவிட்சில் என்னவோ கோளாறு' என்று தள்ளி விடக் கூடாது. மட்டம் எல்லைக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் அர்த்தம்.

இக்காலத்து வண்டிகளில் குழாய்களை இரண்டு பிரிவாக அமைத்திருக்கிறார்கள். ஒன்று ஒழுகிப் போனாலும் மற்றது பாதி பிரேக்காவது கொடுக்கும். அந்தப் பாதியை நம்பி நாள் கடத்துகிறவர்களும் உண்டு. அது வீட்டுக்கு மெள்ளத் திரும்புவதற்காகக் கொடுக்கப்பட்டதே தவிர, பாரம் ஏற்றிச் சவாரி போவதற்காக அல்ல.

பெயர் செய்த குழப்பம்

'ஆயில்' என்ற சொல்லே ஒரு தவறுக்கு இடம் கொடுத்து விட்டது. ஆரம்ப காலத்தில் அந்தப் பெயர் பொருத்தமாகவே இருந்தது. நம் பாட்டிமார் குழந்தைகளுக்குக் கொடுத்த விளக்கெண்ணெய் இருக்கிறதல்லவா, அந்த ஆமணக்கு எண்ணெயோடு ஆல்கஹாலைக் கலந்துதான் நீண்ட காலம் பிரேக் திரவம் செய்து வந்தார்கள். ரப்பருக்கு அதனால் கெடுதி இல்லை.

இன்று பெரும்பாலான வண்டிகளில் ஊற்றப்படுவது கிளைகால் இனத்தைச் சேர்ந்த ரசாயனத் திரவம். அது எண்ணெயே அல்ல. தண்ணீரோடு கலந்து விடும். 'எந்த எண்ணெயானால் என்ன' என்று என்ஜின் ஆயிலையோ, பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ சிறிதளவு ஊற்றினாலும் போதும். உள்ளே இருக்கும் ரப்பர்கள் ஊறிப் பருத்து விடும். பிரேக் பிடிக்காமலும் போகலாம். பிடித்தது விடாமலும் போகலாம். பிறகு திரவத்தை மட்டும் மாற்றினால் போதாது. ரப்பர்கள் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும்.

இதற்கு நேர்மாறான வண்டிகளும் உண்டு. சில டிராக்டர்களிலும் சில பளு தூக்கி வண்டிகளிலும் கனிம எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். அவற்றில் சாதாரணப் பிரேக் திரவத்தை ஊற்றினால் அங்கேயும் ரப்பர் கெடும். ஆகவே டப்பியின் மூடியில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே கை போத்தலுக்குப் போக வேண்டும்.

நிறைந்திருந்தும் நம்ப முடியாதது

மட்டம் சரியாக இருந்தால் கவலையில்லை என்று இருந்து விடலாமா? கடலோர ஊர்க்காரர்கள் அப்படி இருந்து விடுவதற்கில்லை.

தன்னை மதிக்காத திருமலைராயன் பட்டினத்தில் மண்மாரி பெய்யட்டும் என்று காளமேகப் புலவர் வசை பாடிய கதை தமிழ் நாட்டில் பிரசித்தம். மண்மாரி பெய்ததோ இல்லையோ, உப்பு ஈரம் கலந்த காற்று அந்த ஊரில் நாள்தோறும் வீசுகிறது. கதவின் கீல் துருப்பிடிக்கிறது. பந்தலின் ஆணி உதிர்கிறது. வண்டியின் அடியில் ஓடும் இரும்புக் குழாயும் அதே காற்றைத்தான் குடிக்கிறது. மீன் வண்டியானால் கேட்கவே வேண்டாம். உருகும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்து வழியும்.

வெளியே துரு, உள்ளேயோ கண்ணுக்குத் தெரியாத வேறொரு கேடு. கிளைகால் திரவத்துக்கு, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. மூடியில் உள்ள நுண்ணிய துவாரத்தின் வழியாகவும், ரப்பர் குழாயின் சுவர் வழியாகவும் ஈரம் சிறிது சிறிதாகச் சேருகிறது. 'டாட் 3' என்று குறியிட்ட புதுத் திரவம் 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்து விட்டால் 140 டிகிரி வரை தாங்கினால் போதும் என்று அதே விதி தாழ்ந்து விடுகிறது. 'டாட் 4' ரகத்துக்கு இந்த அளவுகள் 230-ம் 155-ம் ஆகும். மட்டம் என்னவோ கோட்டளவு நிறைந்தேதான் இருக்கும்!

சம தரையான காவேரிப் படுகையில் இது தெரியாமலே போய் விடும். பாலத்து ஏற்ற இறக்கத்தைத் தவிர அங்கே மலையேது? ஆனால் அதே வண்டி ஒரு நாள் மலைப் பாதைக்குப் போகிறது. நீலகிரியில் உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் பிடிக்காமல் நேர்ந்த விபத்துகளுக்குப் பேர் போன பாதை அது. கீழ் நோக்கி இறங்கும்போது ஓட்டி காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், தேய்கிற சூடு திரவத்துக்கு ஏறுகிறது. அதில் உள்ள தண்ணீர் ஆவியாகிறது. ஒரு துளித் தண்ணீர் ஆவியானால் ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். இரண்டு கரண்டித் திரவத்தை நம்பி நிற்கும் பிரேக்கில் அந்த ஆவி புகுந்தால் பெடல் என்ன ஆகும்? சடக்கென்று தரைக்குப் போய் விடும்.

இதில் கொடுமை என்னவென்றால், சிறிது நேரம் ஆறினால் ஆவி திரும்பத் திரவமாகி விடும். பெடல் பழையபடி கெட்டியாகி விடும். பிறகு சோதித்துப் பார்க்கிறவருக்குப் பிரேக் சரியாகவே இருக்கும். ஓட்டி சொன்னது பொய்யென்றே தோன்றும்.

ஈரம் உறிஞ்சும் இந்தக் குணத்தோடு மல்லாடிய பெரிய கம்பெனி ஒன்றும் உண்டு. பிரான்ஸில் சித்ரோவன் கம்பெனியார் 1955-ல் 'டி.எஸ்.' என்ற மோட்டாரை வெளியிட்டார்கள். பிரேக், ஸ்டீயரிங், வண்டியைத் தாங்கும் அமைப்பு யாவும் ஒரே திரவத்தால் இயங்கின. அந்தத் திரவம் ஈரத்தை உறிஞ்சி உள் பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்தது. கடைசியில் 1966-ல் ஈரம் உறிஞ்சாத பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறினார்கள். பழைய திரவத்தோடு குழம்பிப் போகாதிருக்க, பாகங்களுக்கும் பச்சை வர்ணமே பூசினார்கள். கம்பெனி அமைப்பையே மாற்றிக்கொண்டது. சாதாரண வண்டிக்காரரால் அது முடியாது. அவர் செய்யக் கூடியது ஒன்றே: இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பழைய திரவத்தை அடியோடு நீக்கிப் புதியது நிரப்புவது. அதுவும், உற்பத்தியாளர் அதற்கு முன்பே மாற்றச் சொல்லியிருந்தால் அந்தக் கணக்குப்படி.

பார்க்கும் முறை, ஊற்றும் முறை

வண்டியைச் சம தரையில் நிறுத்தி, என்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். டப்பி ஒளி புகும் பிளாஸ்டிக்கால் ஆனது. மட்டம் பார்க்க மூடியைத் திறக்க வேண்டிய அவசியமில்லை. அடிக்கடி திறப்பது ஈரத்துக்கு வரவேற்புக் கொடுப்பதாகும்.

ஊற்றியே தீர வேண்டுமானால், முதலில் மூடியைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் துணியால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். ஒரு மணல் துகள் ரப்பரைக் கீறப் போதும். முத்திரை உடைக்காத போத்தலையே வாங்க வேண்டும். ஒர்க்‌ஷாப் மூலையில் மாதக் கணக்கில் பாதி திறந்து கிடந்த போத்தல் வேண்டாம். அது ஏற்கனவே வேண்டிய ஈரத்தைக் குடித்திருக்கும். மேல் கோட்டுக்கு மேல் ஊற்றக் கூடாது; சூட்டில் திரவம் விரிய இடம் வேண்டும். வர்ணத்தின் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

குழாய்க்குள் காற்று புகுந்து விட்டால் 'ஏர் எடுப்பது' இரண்டு பேர் வேலை. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தில் உள்ள நிப்பிளைத் திறந்து, குமிழி வருவது நிற்கும் வரை திரவத்தை வெளியேற்றுவார். அந்த வேலையின் நடுவே டப்பி காலியாகி விட்டால் திரும்பவும் காற்று புகும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்! வெளியே வந்த பழைய திரவம் கறுத்திருக்கும். 'வீணாக்குவானேன்' என்று அதை வடிகட்டித் திரும்ப ஊற்றுவது பெரிய பிசகு.

பெரிய லாரிக்காரர்களுக்கு இந்தக் கவலை வேறு உருவில் வருகிறது. அவற்றில் காற்றழுத்தப் பிரேக். அங்கே பார்க்க வேண்டியது, காற்றுத் தொட்டியில் சேரும் தண்ணீரைத் திறந்து விடுவது. டிராக்டர்கள் பலவற்றில் கம்பியும் நெம்புகோலுமே பிரேக்கை இயக்குகின்றன. அங்கே பெடலின் தளர்ச்சியைச் சரிபார்க்க வேண்டும். எந்த வகையானாலும், ஈரம் பிரேக்குக்குப் பகை என்பது மட்டும் மாறுவதில்லை.

சர்ட்டிபிகேட் காக்குமா?

சரக்கு வண்டிகளுக்குத் தகுதிச் சான்று உண்டு. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆண்டுதோறும் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் இன்று சரியாக இருந்த ரப்பர் குழாய் அடுத்த மாதம் வெடிக்கலாம். இரண்டு சோதனைகளுக்கு நடுவே உள்ள எழுநூறு நாட்களுக்கு ஓட்டியின் கண்தான் அதிகாரி.

வெளிநாட்டுச் சாமானுக்குக் காத்திருக்க வேண்டிய நிலையும் இப்போது இல்லை. சென்னை பாடியில் 1962-ல் பிரேக்ஸ் இந்தியா தொழிற்சாலை ஏற்பட்டது முதல் பிரேக் பாகங்கள் நம் நாட்டிலேயே, அதுவும் தமிழ் நாட்டிலேயே உற்பத்தியாகி வருகின்றன. சிறிய போத்தல் திரவத்தின் விலையும் ஒரு டயரின் விலையோடு பார்த்தால் அற்பமே. குறைவாக இருப்பது பொருளல்ல, கவனந்தான்.

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சவுரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்குத் திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். அன்று சாலை முழுதும் மனிதத் தலைகள். பெரியவர்களின் கையை விட்டு ஓடும் குழந்தைகள். அந்தக் கூட்டத்தின் ஊடே ஊர்ந்து வரும் லோடு ஆட்டோக்காரரிடம் எல்லோரும் தங்கள் உயிரை ஒப்படைத்திருக்கிறார்கள். ஒப்படைத்திருப்பது அவர்களுக்கே தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள், வண்டியைக் கழுவும்போதே அந்தச் சிறு டப்பியைப் பார்த்து விட அரை நிமிஷம் பிடிக்கும். மட்டம் இறங்கியிருந்தால், போத்தலைத் தேடு முன் காரணத்தைத் தேடுவதே முறை.